தங்கவயல் பிள்ளைகளுக்குப் போலந்தில் ஒரு பருவம்: தடுப்பது எது?

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி:

பங்காருப்பேட்டை ரயில் சந்திப்பிலிருந்து பிரியும் 16 கி.மீ. கிளைப்பாதையின் கடைசி நிலையம் மாரிகுப்பம். 1894-ம் ஆண்டு தங்கச் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட பாதை அது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. விடியுமுன் அங்கிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயில்களில் இன்று தங்கமோ, இயந்திரங்களோ செல்வதில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும், கடைச் சிப்பந்திகளும், கல்லூரி மாணவ, மாணவியருமே செல்கின்றனர். பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் பெரும்பாலோர், வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தாழ்த்தப்பட்ட குடும்பங்களின் மூன்றாம், நான்காம் தலைமுறையினர்.

இவர்களில் சமூகவியலோ, அரசியல் அறிவியலோ படிக்கும் ஒருவர், ஒரு பருவம் மட்டும் போலந்து சென்று, அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் சமூக அறிவியல் பாடங்களையும் போலிஷ் மொழியையும் கற்றுத் திரும்ப விரும்பினால் அது நடக்குமா? நடக்க வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை காண்பது பொருத்தமாக இருக்கும்.

மூடிய ஊரும் மூடிய ஊரும்:

லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1880-ம் ஆண்டு கோலாரில் கால் பதித்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோ மீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கியது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் எடுக்கப்பட்டது. 1956-ல் மைசூர் அரசும், 1962-ல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதியுடன் அது மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் பணி முடிவுத் தொகையுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்த வீடும் நிறுவனத்தின் குடியிருப்பே. அதன் உரிமை குறித்த வழக்குகளும் மனுக்களும் அதன்பின் நீண்டுகொண்டே சென்றன.

போலந்தின் தென்மேற்கில் வாவ்ப்ஷிக் என்றொரு நகரம் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஜெர்மனியில் இருந்த நிலக்கரி நகரம் அது. போருக்குப்பின் எல்லைகள் மாறின. கிழக்கிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களும், பிரான்ஸ் நாட்டின் சுரங்கங்களிலிருந்து திரும்பியவர்களும் அங்கு குடியேற்றப்பட்டனர். தங்கவயலைப் போலவே, வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களால் நிறைந்த ஊர். 1990-களில் அதன் சுரங்கங்கள் அனைத்தும் மூடப்பட்டன. வேலையிழந்தவர்கள் ஊரைச் சுற்றிலும் தாமே குழி தோண்டி, கையால் நிலக்கரி அள்ளி விற்றனர். 'வறுமைக் குழிகள்' என்று அவற்றுக்குப் பெயர். மண் சரிந்து சிலர் உள்ளேயே மடிந்தனர்.

2020-ம் ஆண்டு மே மாதம் மாரிகுப்பத்தில், மூடிக் கிடந்த சுரங்கத்துக்குள் இறங்கிய மூவர் மூச்சுத்திணறி இறந்தனர். காவல்துறைப் பதிவேட்டில் அது திருட்டு முயற்சி. சமூக அறிவியல் மாணவர் ஒருவர் அதை வேறு விதமாகவும் படிக்க முடியும்: ஒரே தொழிலை நம்பிய ஊரில் அந்தத் தொழில் நின்றால் மக்கள் என்ன ஆகிறார்கள் என்பதற்கு, இரு கண்டங்களில் கிடைக்கும் ஒரே விதச் சான்று. இந்த ஒப்பீட்டைச் செய்ய மாரிகுப்பத்தில் பிறந்தவரைவிடத் தகுதி உடையவர் யார்?

பேச்சுவார்த்தையின் விலை:

வேறுபாடுகளும் உள்ளன. அவற்றில்தான் பாடம் அதிகம். 2021-ம் ஆண்டு மே 28-ம் தேதி போலந்து அரசும் சுரங்கத் தொழிற்சங்கங்களும் கத்தோவீட்சே நகரில் ஒரு சமூக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மின் உற்பத்திக்கான நிலக்கரிச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக 2049-க்குள் மூடுவது என்றும், ஓய்வுக்கு நெருங்கியவர்களுக்கு 80 சதவீத ஊதியத்துடன் நான்காண்டு வரை விடுப்பு அளிப்பது என்றும், விலகுவோருக்கு 1,20,000 ஸ்லாட்டி ஒரே தவணையாக வழங்குவது என்றும் அதில் முடிவாயிற்று. நிலக்கரியை அத்தனை ஆண்டுகள் நீட்டிப்பது ஐரோப்பாவின் பருவநிலை இலக்குக்குப் பொருந்தாது என்ற விமர்சனம் எழுந்தது உண்மை. ஆயினும், மூடும் தேதியைத் தொழிலாளர்களுடன் பேசி முடிவு செய்தார்கள் என்பதும் உண்மை.

மூடிய சுரங்கங்களை என்ன செய்தார்கள் என்பதும் கவனத்துக்குரியது. வாவ்ப்ஷிக்கின் பழைய சுரங்கம் ஒன்று 2014-ல் அருங்காட்சியகமாகவும் கலை மையமாகவும் திறக்கப்பட்டது. கத்தோவீட்சே நகரின் பழைய சுரங்க வளாகத்தில் 2015-ல் சிலேசிய அருங்காட்சியகத்தின் புதிய கட்டடம் எழுந்தது. தங்கவயலிலோ, சாம்பல் நிறச் சயனைடு மேடுகளின் தூசு கோடைக்காற்றில் இன்றும் வீடுகளுக்குள் வருகிறது. 13 மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் இசைவு அளித்தது. அந்த மேடுகளின் அருகே இரண்டு தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கு அதில் என்ன பங்கு என்பதே ஊரில் கேட்கப்படும் கேள்வி. இத்தகைய கேள்வியைப் பிற நாடுகளில் எப்படிக் கேட்டார்கள், எந்த மேசையில் வைத்தார்கள் என்று அறிந்தவர் ஊருக்கு ஒருவராவது தேவை.

போராட்ட வரலாற்றிலும் ஒற்றுமை உண்டு. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1946 நவம்பரில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். போலந்தில் 1981 டிசம்பர் 13-ம் தேதி ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. மூன்று நாள்களுக்குப்பின் கத்தோவீட்சேயின் வூயெக் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது சுட்டதில் 9 பேர் இறந்தனர். அங்கு ஆட்சி செய்தது தொழிலாளர் பெயரைச் சொன்ன கட்சி. தங்கவயலின் செங்கொடி இயக்க மரபிலும், அம்பேத்கரிய மரபிலும் வளர்ந்த மாணவருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே ஒரு பருவம் முழுவதும் யோசிக்கப் போதுமானது.

கடிதங்களிலிருந்து சமூகவியல்:

போலந்து சமூகவியலுக்குத் தனித்த முறை ஒன்று உண்டு. ஃபுளோரியன் ஸ்னானியெட்ஸ்கி, அமெரிக்கரான டபிள்யூ.ஐ. தாமசுடன் சேர்ந்து 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட நூல், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த போலந்து விவசாயிகளைப் பற்றியது. குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களே அதன் முதன்மைச் சான்று. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியின்போது வார்சாவின் சமூகப் பொருளாதார நிறுவனம், வேலையிழந்தவர்களையே தம் வாழ்க்கையை எழுதி அனுப்பச் சொல்லிப் போட்டி நடத்தியது. அவற்றில் தேர்ந்தெடுத்தவை 'வேலையற்றோரின் நினைவுக் குறிப்புகள்' என்ற பெயரில் 1933-ல் நூலாயின.

வேலையிழந்தவனைப் பற்றி அறிஞர் எழுதுவது ஒன்று. அவனே எழுதுவது வேறொன்று. 2001-ல் வேலையிழந்த தங்கவயல் தொழிலாளர்களில் பலர் முதுமையை எட்டிவிட்டனர். பாறை வெடிப்பையும், நுரையீரலைத் தின்ற சிலிக்கா தூசையும், கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கிய அதிகாலைகளையும் நேரில் அறிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். அவர்களிடம் எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படித் தொகுப்பது என்ற முறையைக் கற்க, அம்முறை தழைத்த நாட்டில் ஐந்து மாதம் தங்குவது ஆடம்பரச் செலவு ஆகாது.

மொழி ஏன்?

போலந்துப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்திலேயே சமூக அறிவியல் பாடங்கள் நடக்கும்போது போலிஷ் மொழி எதற்கு என்று கேட்கலாம். இரு காரணங்கள் உண்டு. ஒன்று, முன்னாள் சுரங்கத் தொழிலாளியின் வீட்டு வாசலில் ஆங்கிலம் நின்றுவிடும். அங்கு சுரங்கத்தாரின் வணக்கமான 'ஷ்ச்செஞ்ச் போஜே' என்ற சொல்தான் கதவைத் திறக்கும். 'இறைவன் அருளட்டும்' என்பது அதன் பொருள். சுரங்கத்துக்குள் இறங்குபவர் சொல்லிக்கொள்ளும் சொல்.

மற்றது பணம் தொடர்பானது. போலந்தின் 2018-ம் ஆண்டு உயர்கல்விச் சட்டப்படி, போலிஷ் மொழியில் சி1 நிலைச் சான்று பெற்ற வெளிநாட்டவர், அரசுப் பல்கலைக்கழகங்களில் போலிஷ் வழியில் நடக்கும் முழுநேரப் படிப்பைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆங்கில வழிப் படிப்புக்கோ ஐரோப்பியர் அல்லாதார் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரு பருவத்தில் சி1 நிலையை எட்ட இயலாது. தொடக்க நிலையைத் தாண்டினாலே பெரிது. ஆனால் அந்தத் தொடக்கம் இல்லாமல் முடிவும் இல்லை.

மொழி கடினமானது என்பதில் ஐயமில்லை. மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஆனால் ஆங்கிலேயர் அஞ்சும் இடங்கள் சில தமிழருக்கு அச்சம் தருவதில்லை. போலிஷ் மொழியில் ஏழு வேற்றுமைகள். எட்டு வேற்றுமை படித்தவர்களுக்கு, விளி வேற்றுமை உட்பட, அது புதிதல்ல. எழுவாயைச் சொல்லாமலே வினைமுற்றைக் கொண்டு பேசுபவர் யார் என அறியலாம். 'சென்றான்', 'சென்றாள்' என்ற வேறுபாட்டை அம்மொழியின் இறந்தகால வினையும் காட்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும், கடைத்தெருவில் தெலுங்கு என வளரும் தங்கவயல் பிள்ளைகளுக்கு ஐந்தாவது மொழி பெரும் சுமையாகிவிடாது.

தில்லிக்கும் வார்சாவுக்கும் இடையே தமிழ்ப் பாதை ஒன்று முன்பே உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி, 1981 முதல் 1986 வரை வார்சா பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். ராணுவச் சட்ட காலத்துப் போலந்தை நேரில் கண்ட அவர், அந்த அனுபவப் பின்னணியில் 'ஏசுவின் தோழர்கள்' நாவலை எழுதினார். வார்சாவில் தமிழ் கற்பிக்கும் மரபு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்லாவிய மொழித் துறையில் போலிஷ் கற்பிக்கப்படுகிறது. பாலம் இருக்கிறது. யார் கடக்க முடியும் என்பதே கேள்வி.

உதவித்தொகைகளின் இடைவெளி:

சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 125 இடங்களைக் கொண்டது. அவற்றில் 115 தாழ்த்தப்பட்டோருக்கு உரியவை. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சத்துக்கு மிகாதவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கானது. ஒரு பருவத்துக்கு மட்டும் செல்லும் இளநிலை மாணவருக்கு அதில் இடமில்லை.

அதனினும் முக்கியமானது 2022 பிப்ரவரியில் வெளியான புதிய வழிகாட்டு நெறிகள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வுகள் ஆகியவற்றுக்கு இத் திட்டத்தில் உதவி கிடையாது என்று அவை கூறின. இந்தியாவைப் பற்றிப் படிக்க இந்தியாவிலேயே வசதி உள்ளது என்பது அரசுத் தரப்பின் வாதம். கல்வியாளர்கள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

அரசின் வாதத்தை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. குறைந்த இடங்களை இங்கு கிடைக்காத படிப்புகளுக்கு ஒதுக்க நினைப்பது இயல்பே. ஆனால் சமூக அறிவியலில் பொருளைப் போலவே தூரமும் ஒரு கருவி. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க் சென்ற பி.ஆர். அம்பேத்கர், 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த கட்டுரை இந்தியாவின் சாதிகளைப் பற்றியது. 2022-ம் ஆண்டு விதி அன்று இருந்திருந்தால் அந்தக் கட்டுரைக்கு உதவித்தொகை கிடைத்திராது. அதே அம்பேத்கர் 1954-ல் தங்கவயலுக்கு வந்தார் என்பதை அவ்வூர் மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். மாரிகுப்பம் மாணவி ஒருவர் தம் ஊரையும் வாவ்ப்ஷிக்கையும் ஒப்பிட்டு ஆராய விரும்பினால், பாதி ஆராய்ச்சி அனுமதிக்கப்படும், மறுபாதி தடுக்கப்படும் என்பது விந்தையான நிலை.

நிதியும் உறுதியாக இல்லை. 2025-26-ம் ஆண்டுக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே 2025 ஜூலையில் முதலில் தாற்காலிக ஆணை வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு, நிதி இருப்பைப் பொருத்து என்று பதில் அளிக்கப்பட்டது. சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும், பருவம் கைநழுவிப் போவதற்கு.

மாநிலத் திட்டங்கள் உதவுமா? தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் தமிழகத்தில் வசிப்பவர்களுக்கானது. தங்கவயல் தமிழர்கள் கர்நாடக வாசிகள். எனவே அவர்கள் நாடவேண்டியது கர்நாடக அரசின் 'பிரபுத்தா' திட்டம். அது வெளிநாட்டில் பட்டம் படிப்பதற்கானது. மொழியால் ஒரு மாநிலம், முகவரியால் மற்றொரு மாநிலம் என்ற நிலையில் உள்ளவர்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று அறிவதற்குள்ளேயே ஓராண்டு கழிந்துவிடும்.

மீதமிருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டம். ஒரு பருவத்துக்கு ஐரோப்பா வரும் வெளிநாட்டு மாணவருக்கு மாதம் 800 யூரோ அளவிலான உதவித்தொகையும் பயணச் செலவும் அது தருகிறது. அங்கு பெறும் 30 மதிப்பெண் அலகுகளைச் சொந்தக் கல்லூரி ஏற்கவேண்டும். ஆனால் இரு கல்வி நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம் இருந்தால்தான் மாணவர் செல்ல முடியும். தில்லியிலும், பெருநகரங்களிலும் உள்ள புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களே இத்தகைய ஒப்பந்தங்களில் முந்திக்கொள்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ம் ஆண்டு ஒழுங்குமுறையும், 'நாக்' மதிப்பீட்டில் 3.01 புள்ளிக்குக் குறையாதவை, தேசியத் தரவரிசையில் முதல் நூறில் உள்ளவை போன்றவற்றுக்கே, தனி அனுமதியின்றி வெளிநாட்டு நிறுவனங்களுடன் இணைந்து படிப்பு நடத்த வழிவிடுகிறது. மாணவரின் தகுதியை அவர் படிக்கும் கல்லூரியின் புள்ளி தீர்மானிக்கிறது.

எச்சரிக்கை ஒன்று:

சட்டப்பூர்வ வழி குறுகும் இடத்தில் இடைத்தரகர்கள் நுழைவார்கள். போலந்துத் தூதரகங்களில் விசா வழங்குவதில் லஞ்சம் புரண்டது என்ற புகார் 2023 செப்டம்பரில் அந்நாட்டு அரசியலையே உலுக்கியது. அதன்பின் வெளிநாட்டு மாணவர்களுக்கான விதிகள் 2025-ல் கடுமையாக்கப்பட்டன. 'படிப்பு' என்ற பெயரில் கிடங்கு வேலைக்கு ஆள் அனுப்பும் தரகர்களிடம் கடன் வாங்கிப் பணம் கொடுப்பது, சுரங்கம் மூடியபோது கிடைத்த தொகையை இழந்தவர்களின் கதையையே திரும்ப எழுதுவதாகும். கல்லூரி வழியாக, ஒப்பந்தத்தின் பேரில் செல்வதே பாதுகாப்பானது.

இருவழிப் பாதை தேவை:

இரண்டாம் உலகப் போரின்போது அனாதைகளான போலந்துக் குழந்தைகளுக்கு 1942-ல் ஜாம்நகர் அருகே பாலாசடியில் அடைக்கலம் தந்தவர் நவாநகர் மன்னர் திக்விஜய் சிங். கோலாப்பூர் அருகே வளிவடேயில் சுமார் 5 ஆயிரம் போலந்து அகதிகள் 1948 வரை வாழ்ந்தனர். வார்சாவில் 'நல்ல மகாராஜா' பெயரில் ஒரு சதுக்கம் உள்ளது. 2024 ஆகஸ்டில் பிரதமர் நரேந்திர மோடி அங்கு சென்றார். 1979-ல் மொரார்ஜி தேசாய் சென்றதற்குப்பின் இந்தியப் பிரதமர் ஒருவர் போலந்து சென்றது அதுவே முதல் முறை. அப்போது, ஆண்டுதோறும் போலந்து இளைஞர்கள் 20 பேரை இந்தியாவுக்கு அழைக்கும் ஜாம் சாகேப் இளைஞர் பரிமாற்றத் திட்டம் அறிவிக்கப்பட்டது.

வரவேற்கத்தக்க திட்டம். ஆனால் பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் போக்குவரத்து இருக்கவேண்டும். இங்கிருந்தும் 20 பேர் செல்லட்டும். அவர்கள் சிறிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளிலிருந்து தேர்வு செய்யப்படட்டும். ஒரு பருவப் படிப்புக்கும் தேசிய உதவித்தொகையில் இடம் ஒதுக்கப்படட்டும். தன் சமூகத்தை வெளிநாட்டில் இருந்து ஆராயக் கூடாது என்ற தடை எந்த ஆண்டின் வழிகாட்டு நெறியிலும் இடம்பெறாதிருக்கட்டும். தங்கவயல் தொகுதியைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கி, ஒவ்வொரு தேர்தலிலும் அங்கு வாக்குக் கேட்கும் கட்சிகள் இவற்றை நாடாளுமன்றத்தில் எழுப்பலாம். பெரும் நிதி தேவைப்படும் கோரிக்கைகள் அல்ல இவை.

1965-ம் ஆண்டு தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும், ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தனர். உலகின் அறிவியல் அந்தச் சுரங்கத்தைத் தேடி வந்தது. அதற்கான பாதையை வெட்டிய தொழிலாளியின் பேத்தி, தன் ஊரைப் புரிந்துகொள்ளும் அறிவியலைத் தேடி உலகுக்குச் செல்ல ஐந்து மாதம் கேட்கிறார். மாரிகுப்பத்தில் தண்டவாளம் முடியலாம். அவரது பயணமும் அங்கேயே முடிய வேண்டியதில்லை.